தூக்கமில்லாத கையில் ப்ரொடக்‌ஷன் வேண்டாம்

அன்புள்ள டி.பி.ஏ. நண்பர்களுக்கு,

சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் கோவை சரவணம்பட்டியிலும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும், தலையணைக்குப் பக்கத்தில் ஆன்-கால் போனை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.எல். சர்வர், மைஎஸ்க்யூஎல் என்று ஆளுக்கொரு டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு அழலாம். ஆனால் கழுத்து வலி, நெஞ்செரிச்சல், நடுராத்திரி போன், அதனால் வீட்டில் வரும் மனஸ்தாபம் எல்லாம் நம் அத்தனை பேருக்கும் ஒன்றுதான்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். பேக்கப் திட்டம் எழுதும்போது நம் தூக்கத்தையும் அதில் சேர்த்து எழுத வேண்டும். உங்கள் உடம்பின் மேல் உள்ள அக்கறையால் மட்டும் இதைச் சொல்லவில்லை, டேட்டாவின் மேல் உள்ள அக்கறையாலும் சொல்கிறேன். டிஸ்க் போனால் ஸ்டாண்ட்பை இருக்கிறது, டேட்டா சென்டரே போனால் இன்னொரு ஊரில் டி.ஆர். சைட் இருக்கிறது. கமாண்ட் அடிக்கிற ஆள் களைத்துப்போனால் என்ன செய்வது என்று எந்த டாக்குமெண்டிலும் இருப்பதில்லை.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாரோ தப்பான சர்வரில் ஃபைல்களை அழித்துவிட்டார் என்ற அளவில்தான் அந்தக் கதை நம் கேன்டீன்களில் உலவுகிறது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது, மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்த விவரங்களை நிதானமாகப் படித்தால் நம் அன்றாடம் அப்படியே அதில் தெரியும்.

அன்று மாலையிலிருந்தே டேட்டாபேஸில் லோடு ஏறியிருந்தது. ஸ்பாம் ஒரு காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். ரெப்ளிகேஷன் பின்தங்கி, கடைசியில் நின்றே போனது. பொறுப்பில் இருந்த பொறியாளர், இரவாகிவிட்டது, கிளம்பலாம் என்றிருந்த நேரம். இந்தக் கோளாறு வந்ததால் உட்கார்ந்துவிட்டார். செகண்டரி சர்வரில் இருக்கும் பழைய டேட்டாவை அழித்துவிட்டு, பிரைமரியிலிருந்து புதிதாக ஒரு காப்பி எடுக்க வேண்டும். அதற்கான கருவியை ஓட்டினார், திரையில் ஒரு வரிகூட வரவில்லை. பிரைமரி அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கருவி வாய் திறக்காமல் காத்திருக்கும். அது அவர்களுடைய ரன்புக்கில் இல்லை. டைரக்டரியில் மிச்சம் கிடக்கும் ஃபைல்கள்தான் தடுக்கின்றன போலிருக்கிறது என்று நினைத்து அழித்தார். ஓரிரு நொடியில் தெரிந்துவிட்டது: அவர் இருந்தது செகண்டரியில் இல்லை, பிரைமரியில். நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது.

அதன் பிறகு பேக்கப்பைத் தேடினார்கள். பேக்கப், ரெப்ளிகேஷன் என்று ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தும் எதுவும் நம்பும்படி இல்லை. தினசரி டம்ப் எடுக்கும் வேலை பழைய 9.2 பதிப்புக் கருவியில் ஓடிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸோ 9.6. அதனால் தினமும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களை மெயில் சர்வர் ஏற்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு சோதனை வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதைக் கொண்டு சேவையைத் திரும்பக் கொண்டுவர 18 மணி நேரம் ஆனது. சுமார் 5,000 ப்ராஜெக்ட்டுகள், 5,000 கமெண்ட்டுகள், 700 புதிய பயனர் கணக்குகள்வரை போனது போனதுதான்.

இதில் இரண்டு விஷயங்களை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் இருக்கும் பதில்: அதற்குப் பொறுப்பு யார் என்று வகுக்கப்படவே இல்லை. எல்லாருடைய வேலையாகவும் இருந்ததால் யாருடைய வேலையாகவும் இல்லாமல் போனது. இன்னொன்று, அன்றிரவு அவர்கள் பொதுவில் திறந்து வைத்திருந்த குறிப்பில் இருக்கிறது. அழிந்துபோனது தெரிந்ததும் அந்தப் பொறியாளர், இனி இன்று ரூட் அதிகாரத்தோடு எதையும் நான் ஓட்டாமல் இருப்பது நல்லது என்று சொல்லி, மீட்பு வேலையைச் சக ஊழியரிடம் ஒப்படைத்தார். அந்த நேரத்தில் யாருக்கும் தானே சரிசெய்து காட்ட வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். அவர் கீபோர்டை விட்டு எழுந்தார். அந்த இரவு முழுவதிலும் எடுத்த முடிவுகளில் அதுதான் மிக நல்ல முடிவு என்பது என் அபிப்பிராயம்.

களைப்பு என்ன செய்யும் என்பதை 1997இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் இருவரும் அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும். 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.1 சதவீதம். நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. காலை ஏழு மணிக்கு எழுந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பகலெல்லாம் டிக்கெட் பார்த்து, நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு சேஞ்சுக்காக லாகின் செய்கிறீர்களே, அப்போது 17 மணி நேரம் ஆகிவிட்டது. அந்த நிலையில் பைக்கை எடுத்தால் வீட்டில் சாவியைப் பிடுங்குவார்கள். வங்கி ஒன்றின் ப்ரொடக்‌ஷனில் டேபிளை மாற்றும் ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால் சரி என்று ஓட்டிவிடுகிறோம்.

அப்படி ஒரு இரவு நம் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். மணி 2.40. போன் அடிக்கிறது. அப்ளிகேஷன் உறைந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வி.பி.என். போட்டு உள்ளே போனால், ஆரக்கிளில் ஆர்கைவ் லாக் எழுதும் ரிகவரி ஏரியா நிறைந்து கிடக்கிறது. மாலையில் யாரோ பெரிய டேட்டா லோடு ஒன்றை ஓட்டியிருக்கிறார்கள், லாக் மளமளவென்று குவிந்துவிட்டது. இடமில்லாவிட்டால் டேட்டாபேஸ் மேற்கொண்டு எதையும் எழுதாது, எல்லா கமிட்டும் அப்படியே நிற்கும். பிரிட்ஜ் காலில் பதினைந்து பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குரல், “எப்போ வரும்?” என்று கேட்கிறது.

அந்தக் குரல்தான் ஆபத்து. அதை அடக்குவதற்காக, பழைய ஆர்கைவ் ஃபைல்களை ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே அழித்துவிடலாம் என்று கை போகும். அழித்தால் இரண்டு கேடு. இன்னும் பேக்கப் ஆகாத லாக் அதில் இருந்தால் மீட்புச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும், ஸ்டாண்ட்பைக்கும் அது போகாமல் இருந்திருக்கலாம். இவ்வளவு செய்தும் ஆரக்கிளின் கணக்கில் இடம் காலியாகாது. ஆர்மேனில் கிராஸ்செக் செய்து, இல்லாத ஃபைல்களைக் கணக்கிலிருந்து நீக்கினால்தான் அதற்குத் தெரியவரும். டிஸ்க்கில் இடம் இருந்தால் ரிகவரி ஏரியாவின் அளவைச் சற்று ஏற்றிவிட்டு, டேட்டாபேஸை மூச்சுவிட வைத்து, பிறகு ஆர்மேன் மூலமாகவே லாகை பேக்கப் எடுத்து நீக்குவதுதான் முறை. பகல் பதினோரு மணிக்கு இதை நம்மில் யாரைக் கேட்டாலும் தடங்கலில்லாமல் சொல்வோம். 2.40க்கு, பதினைந்து பேர் காதில் இருக்கும்போது, தெரிந்ததே மறந்துபோகிறது. உங்கள் அறிவைக் குறை சொல்லவில்லை. மனித மூளை அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும்.

அதனால் பிரிட்ஜில் பேசுகிறவர் வேறு, கமாண்ட் அடிக்கிறவர் வேறு என்று பிரித்துவிடுங்கள். பேச ஓர் ஆள் வாய்த்தால், கை வைக்கிறவர் ஹெட்செட்டைக் கழற்றிவிடலாம். அழிக்கும் கமாண்ட் எதுவானாலும், டெலீட், ட்ராப், ட்ரங்கேட் எதுவானாலும், இன்னொருவர் ஸ்கிரீன் ஷேரில் ஹோஸ்ட் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே என்டர். சின்ன விஷயம்தான், இதற்கு ஒரு பட்ஜெட்டும் வேண்டாம். ப்ரொடக்‌ஷன் டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக மாற்றி வைப்பதும் உதவும். ஆனால் நிறத்தைவிட இரண்டாவது ஜோடிக் கண்ணைத்தான் நான் நம்புவேன்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனி இரவு பத்து மணி என்றால் நமக்கு ஞாயிறு காலை ஏழரை, அவர்களுடைய குளிர்காலத்தில் எட்டரை. ஊரே கறிக்கடை வாசலில் நிற்கும் நேரம் நமக்கு மெயின்டெனன்ஸ் விண்டோ. ஆரக்கிளின் காலாண்டு பேட்ச் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வருகிறது. ஜனவரி பேட்ச் பொங்கல் விடுமுறையை ஒட்டி வரும், அக்டோபர் பேட்ச் தீபாவளிக் கூட்டத்தில் வரும். ஒரு வாரம் தப்பினால் இன்னொரு வாரம். சாமி கும்பிடப் போன வரிசையில் லேப்டாப் பையோடு நிற்பவரைப் பார்த்தால் அவர் நம் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இது வேலையின் இயல்பு, மாற்ற முடியாது என்று சொல்லிச் சொல்லி நாமே நம்பிவிட்டோம். விண்டோ ஞாயிறு காலையில் இருப்பது வேலையின் இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆள் எல்லா ஞாயிறும் வருவதும், திங்கள் காலை ஒன்பது மணி ஸ்டாண்ட்-அப்பில் அவரே உட்கார்ந்திருப்பதும் ரோஸ்டர் போடுகிறவரின் முடிவு. முடிவென்றால் மாற்றலாம். கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங் புத்தகத்தில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஒரே ஊரிலிருந்து 24 மணி நேரமும் ஆன்-கால் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது எட்டு பேர். ஒருவருடைய வேலை நேரத்தில் கால் பங்குக்கு மேல் ஆன்-கால் இருக்கக் கூடாது. 12 மணி நேர ஷிஃப்ட்டில் இரண்டு இன்சிடெண்ட்டுக்கு மேல் தாங்காது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் சரிசெய்து, காரணம் தேடி, எழுதி முடிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். மூன்றே பேரை வைத்துக்கொண்டு 24 மணி நேர சப்போர்ட் என்று எழுதிக்கொடுத்த டீம்களை நான் பார்த்திருக்கிறேன். டீம் லீடாக இருக்கும் நண்பர்களே, அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டத்தில் இந்த எட்டு என்ற எண்ணை மேஜைமேல் வையுங்கள். எட்டு பேர் கிடைக்காவிட்டாலும் ஐந்து பேராவது கிடைப்பார்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சி.பி.யூ. 90 சதவீதத்தைத் தொட்டால் நமக்கு அலர்ட் வருகிறது. ரத்த அழுத்தத்துக்கு அலர்ட் கிடையாது, போய்ப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. முப்பது வயதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து கேபில் வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் பெண் டி.பி.ஏ.க்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஊழியர் காலை எட்டு மணிக்கு வந்தால் வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார்கள், பிள்ளைகளை அடக்குகிறார்கள். பெண் வந்தால் லஞ்ச் பாக்ஸ் காத்திருக்கிறது. அவருடைய பகல் தூக்கத்தைத் தூக்கமாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் வேறு டீமுக்கு மாற்றல் கேட்கும்போது, இந்த வேலையில் அவருக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்த மிக நுட்பமான க்வெரி ட்யூனிங் ஆட்களில் சிலரை இப்படித்தான் இந்தத் தொழில் இழந்தது. இந்த மடலை வீட்டிலிருப்பவர்கள் யாராவது படித்தால், அந்தக் காலை நேரத்தில் அவருடைய அறைக் கதவைச் சாத்திக் கொடுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. நம்மில் பலருக்கு, இந்த சர்வரைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பழைய ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது, எந்த ஜாப் தோற்றால் எதை முதலில் ஓட்ட வேண்டும், எந்த இண்டெக்ஸைத் தொட்டால் மாதக் கடைசி ரிப்போர்ட் படுத்துவிடும் என்பதெல்லாம் தலைக்குள் மட்டும். ஆட்குறைப்புப் பேச்சு வரும்போது அதுதான் காப்பாற்றும் என்று தோன்றுகிறது. கிளவுடில் எல்லாம் தானாக நடக்கும், டி.பி.ஏ. வேண்டாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்லும்போது இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. பயம் நியாயமானது. ஆனால் தலைக்குள் பூட்டி வைப்பது அதற்கு மருந்தில்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒவ்வொரு விஷயமும், உங்களை மட்டுமே எழுப்பும் ஒரு போன் கால். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும், தங்கை கல்யாண மண்டபத்திலும் அந்த கால் வரும்.

கிளவுட் வந்த பிறகும் வேலை தீரவில்லை என்பதைத்தான் நான் காண்கிறேன். பேட்ச் போடுவதையும் ஸ்டோரேஜ் கூட்டுவதையும் அது பார்த்துக்கொள்கிறது. ஒரு டெவலப்பர் வேர் கண்டிஷன் இல்லாமல் டெலீட் ஓட்டினால், அந்தத் தவறை அது விசுவாசமாக எல்லா ரெப்ளிக்காவுக்கும் நொடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த நிமிடத்துக்குத் திரும்புவது, அதற்குப் பின் வந்த நல்ல டேட்டாவை எப்படிப் பொறுக்கி எடுப்பது என்று முடிவெடுக்க, தூங்கி எழுந்த ஒரு மனிதர் வேண்டும்.

கோளாறு நடந்த பிறகு வரும் ஆர்.சி.ஏ.வில், காரணம் என்ற இடத்தில் மனிதத் தவறு என்று இரண்டு வார்த்தை எழுதி மூடிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஒரு இளைஞர் பலியாவார், அதே கோளாறு அடுத்த ஆண்டும் வரும். அவர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார், அந்த வாரம் எத்தனை இரவு எழுப்பப்பட்டார், இரண்டாவது ஆள் ஏன் இல்லை, அந்த அக்கவுண்டுக்கு ஏன் அழிக்கும் அதிகாரம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். கிட்லேப் தன் அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயரைப் போடவில்லை, நடைமுறையின் ஓட்டைகளை வரிவரியாக எழுதியது. நமக்கும் அது கைவரும்.

பெரிய அவுட்டேஜுக்குப் பிறகு சிலருக்குப் போன் ரிங்டோன் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, லீவு நாளிலும் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. ரிங்டோனை மாற்றினால் சரியாகிவிடும் என்று சமாளிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மேனேஜரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அங்கே முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த மாதமே செய்யும்படி ஒன்று கேட்கிறேன். ஒரு ரெஸ்டோர் டிரில் வையுங்கள். பேக்கப் ஓடியது என்ற பச்சை டிக் போதாது, தனி சர்வரில் முழுதாக ரெஸ்டோர் செய்து, டேட்டாபேஸைத் திறந்து, முக்கியமான டேபிளில் கடைசி வரிசையின் தேதியைப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறிக்க வேண்டும். அப்ரைசலில் உங்கள் வேலையைக் காட்ட அதைவிட நல்ல எண் கிடைக்காது. ஆனால் அந்த டிரில்லை நீங்கள் செய்யாதீர்கள். டீமில் கடைசியாகச் சேர்ந்தவர் ரன்புக்கை மட்டும் வைத்துக்கொண்டு செய்யட்டும். நீங்கள் அன்று லீவு போடுங்கள், போனை அணைத்து வையுங்கள். அவர் எந்த வரியில் நின்றார், எந்தப் பாஸ்வேர்டு கிடைக்காமல் தவித்தார், எந்தக் கருவி பதில் சொல்லாமல் காத்திருந்தபோது குழம்பினார் என்று எல்லாவற்றையும் அவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் போய் அந்த இடங்களை அவரோடு உட்கார்ந்து ரன்புக்கில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் செய்யட்டும்.

அன்புடன்,
உங்களோடு ஆன்-கால் பார்க்கும் ஒருவன்